கோவை கணபதி பக்கம் தமிழில் ஏ.ஏ. மீட்டிங் எங்கே நடக்கிறது?

லேத்காரன் | ஞாயிறு, காலை 6.10

வணக்கம். நான் கணபதியில் ஒரு பம்ப் ஒர்க்‌ஷாப்பில் டர்னராக இருக்கிறேன். வயது 38. குடியை விட்டு இன்று 19வது நாள். அதில் 12 நாள் ஜி.எச். மனநல வார்டில் இருந்தேன். போன திங்கட்கிழமைதான் வீட்டுக்கு வந்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர், "மாத்திரை மட்டும் போதாது, ஏதாவது ஒரு ஏ.ஏ. குரூப்பில் சேர்ந்துகொள்ளுங்கள்" என்றார். ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசுகிற குரூப். சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். எங்கே, எப்போது என்று கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு போனில் தேடினேன். ஒரு சர்ச் வளாகத்து ஹால், சனிக்கிழமை மாலை 7 மணி என்று ஒரு பட்டியலில் இருந்தது. நேற்று ஆறரைக்கே போய்விட்டேன். ஹால் பூட்டியிருந்தது. ஏழேகால் வரைக்கும் நின்றேன். வாட்ச்மேன் வந்து "யாரைப் பார்க்கணும்?" என்றார். குடியை விட்டவர்கள் கூடுகிற இடம் இதுதானா என்று அந்தப் பெரியவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. "ஒருத்தர் வரச் சொன்னார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு டாஸ்மாக் உண்டு. முதல் கடையைத் தாண்டிவிட்டேன். இரண்டாவது கடைக்கு எதிரில் வண்டி தானாக நின்ற மாதிரி நின்றுவிட்டது. பாக்கெட்டில் 40 ரூபாய்தான் இருந்தது. ஏ.டி.எம். கார்டை வீட்டில் மனைவியிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். 200 ரூபாய் இருந்திருந்தால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இதை மறைத்து எழுதினால் பிரயோஜனம் இல்லை என்பதால் சொல்கிறேன்.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பம்ப் ஷாஃப்டில் பேரிங் உட்காருகிற இடத்தை 20 மைக்ரானுக்குள் முடிக்க வேண்டும். இரண்டு வருடமாகக் காலையில் கை நடுங்காமல் மைக்ரோமீட்டரைப் பிடிக்க முடியாது. முதல் நாள் இரவே ஒரு குவார்ட்டரை வாங்கிப் பெட்ரோல் டேங்க் கவரில் வைத்துக்கொள்வேன். காலையில் பாதி போனால்தான் கை நிற்கும். பிறகு ஷாஃப்ட் சரியாக வரும். அப்போதெல்லாம் நான் குடிகாரன் என்று நினைத்ததே இல்லை. கை நிற்பதற்கு மருந்து மாதிரி என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வார்டில் ஆறாவது நாள் டீ கிளாஸைப் பிடித்துப் பார்த்தேன், நடுங்கவில்லை. அந்தக் கையை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

கேள்விக்கு வருகிறேன். தமிழில் பேசுகிற குரூப் வேண்டும், இங்கிலீஷ் எனக்கு அவ்வளவு வராது. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஓ.டி. முடியும்போது இரவு எட்டு ஆகிவிடும், அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் வசதி. சர்ச்சில் நடக்கிறது என்றால் மதம் மாறச் சொல்வார்களோ என்று என் அம்மா பயப்படுகிறார். மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்? மனைவியைக் கூட்டிப் போகலாமா? நான் அங்கே போவது ஒர்க்‌ஷாப்பில் தெரிந்தால் வேலைக்குப் பிரச்சினை வருமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடவள்ளி வாசகி | ஞாயிறு, காலை 7.35

குரூப் பற்றி எனக்குத் தெரியாதுங்க, தெரிந்தவர்கள் வந்து சொல்வார்கள். அதுவரைக்கும் இந்த இரண்டு எண்களை போனில் சேமித்து வையுங்கள். 14416 டெலிமானஸ், மனநலத்துக்கானது, எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். 14446 போதையிலிருந்து மீள்வதற்கான தேசிய உதவி எண். இரண்டுக்கும் காசு கிடையாது. மறுபடியும் வண்டி ஏதாவது கடை முன்னால் நின்றால், இறங்குவதற்கு முன் ஒரு முறை அழுத்துங்கள். என் அப்பாவுக்கு அப்போது இப்படி ஒரு எண் இல்லை.

பவானி கண்டக்டர் | ஞாயிறு, பகல் 1.20

தம்பி, வணக்கம். நான் அரசு பஸ்ஸில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு குடிநோயாளி. கடைசியாகக் குடித்து 11 வருடம் 4 மாதம் ஆகிறது.

பூட்டிய ஹாலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பூட்டைப் பார்த்து நீங்கள் மனம் விட்டுவிடக் கூடாது. ஏ.ஏ. குரூப் என்பது வெளியாள் யாரிடமும் நன்கொடை வாங்காது. கூட்டத்தின் நடுவில் ஒரு பை சுற்றி வரும், உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவார்கள். வாடகையும் டீச் செலவும் அதிலிருந்துதான். ஹாலுக்கு வேறு தேவை வந்துவிட்டால், அல்லது வாடகை ஏறிவிட்டால், குரூப் இடம் மாறிவிடும். இணையத்தில் கிடக்கும் பட்டியல் அதோடு சேர்ந்து மாறாது. அதனால் எந்த மீட்டிங்குக்கும் முதல் முறை போகும்போது போன் செய்யாமல் போகாதீர்கள். அது விலாசத்தை விட முக்கியம்.

போன் நம்பர் எங்கே கிடைக்கும்? நீங்கள் படுத்திருந்த வார்டிலேயே கேளுங்கள். பல ஊர்களில் ஏ.ஏ. உறுப்பினர்கள் அனுமதி வாங்கிக்கொண்டு வார்டுக்கே வந்து நோயாளிகளிடம் பேசிவிட்டுப் போவது வழக்கம். வார்டு சிஸ்டரிடமோ சமூகப் பணியாளரிடமோ கேட்டால் யார் வருகிறார்கள், என்றைக்கு வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். அடுத்த ஓ.பி. அன்று மாத்திரை வாங்கப் போவீர்கள் அல்லவா, அன்றைக்கே கேட்டுவிடுங்கள். இந்திய ஏ.ஏ.வுக்கு மும்பையில் பொதுச் சேவை அலுவலகம் இருக்கிறது, அவர்களுடைய இணையதளத்திலும் தேடலாம். கொரோனாவுக்குப் பிறகு ஜூமில் தமிழ் மீட்டிங்குகளும் நடக்கின்றன. ஓ.டி. இருக்கிற நாளில் உங்களுக்கு அது கை கொடுக்கும். ஆனால் முதல் மீட்டிங்கை ஜூமில் வைத்துக்கொள்ளாதீர்கள். மனுஷங்க பக்கத்தில் உட்கார வேண்டும்.

போனில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "நான் புதுசு, பஸ் ஸ்டாப்பில் யாராவது வந்து கூட்டிட்டுப் போவீங்களா?" கட்டாயம் வருவார்கள். வாட்ச்மேனிடம் கேட்க வேண்டிய அவசியமே வராது.

நான் எப்படிப் போனேன் என்று சொல்கிறேன். டிப்போவில் கலெக்‌ஷன் கட்டும்போது 640 ரூபாய் குறைந்தது. மூன்றாவது தடவை. சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். எங்கள் டிப்போவில் ஒரு சீனியர் டிரைவர் இருந்தார், குடிக்க மாட்டார், ஏன் குடிக்க மாட்டார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் என்னிடம் ஒரு துண்டுச் சீட்டில் இடமும் நேரமும் எழுதிக் கொடுத்தார். முதல் வாரம் போனேன். எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து யார் யார் உள்ளே போகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டாவது வாரமும் அதே டீக்கடை. மூன்றாவது வாரம் அந்த டிரைவர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். வா என்று கூப்பிடவில்லை. டீயைக் குடித்து முடித்து, இரண்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டு உள்ளே நடந்தார். நான் பின்னாலேயே போய்விட்டேன். அன்றைக்கு எதுவும் பேசவில்லை. மற்றவர்கள் பேசினார்கள். ஒருவர் தன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் விழுந்ததைச் சொன்னார். நான் என் வாழ்க்கையில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஹாலில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

மதம் பற்றி அம்மாவிடம் சொல்லுங்கள்: ஹால்தான் சர்ச்சுடையது. மாலையில் காலியாக இருக்கும், வாடகை குறைவு, அதனால் அங்கே நடக்கிறது. பள்ளிக்கூடத்திலும் நடக்கும். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. கட்டணம் கிடையாது. புதியவர்கள் பையில் காசு போட வேண்டியதில்லை. முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், எங்கே வேலை என்று கேட்க மாட்டார்கள். அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது என்பது எங்களுக்குப் பெரிய விஷயம். மனைவியைக் கூட்டிப் போவதென்றால் அன்று திறந்த கூட்டமா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கதையை நான் புதியவர்கள் எல்லோரிடமும் சொல்வேன். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர் தொழில் விஷயமாக வந்து, அது தோற்றுப்போய், ஹோட்டல் வரவேற்பறையில் தனியாக நிற்கிறார். குடியை விட்டு ஐந்தாறு மாதம்தான். ஒரு பக்கம் பார், உள்ளே சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் போன், அந்த ஊர் சர்ச்சுகளின் பட்டியல். அவர் போன் பக்கம் போனார். இன்னொரு குடிகாரரிடம் பேச வேண்டும், யாராவது தெரியுமா என்று கேட்டார். ஒருவர் கைமாற்றி ஒருவராக, மறுநாள் டாக்டர் பாப் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டாக்டர் 15 நிமிடம்தான் தருவேன் என்று வந்தார், மணிக்கணக்கில் பேசினார்கள். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது அடுத்த மாதம், அந்த ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. ஆரம்பித்த நாளாக வைத்திருக்கிறோம். நம் நாட்டுக்கு 1957இல் வந்தது. பில்லும் டாக்டர் பாபும் சந்தித்த அன்றைக்கு ஹாலும் கிடையாது, பட்டியலும் கிடையாது. நேற்று நீங்கள் கடை எதிரில் நின்றதைப் படித்தபோது எனக்கு அந்த ஹோட்டல்தான் ஞாபகம் வந்தது.

கோவையில் எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டுவிட்டு அவர் எண்ணைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். என் எண்ணும் அதில் இருக்கும். இரவு ரெண்டு மணியானாலும் கூப்பிடுங்கள்.

லேத்காரன் | ஞாயிறு, பகல் 2.05

அண்ணா, உங்கள் பதிலை மூன்று தடவை படித்தேன். மனைவியிடமும் படித்துக் காட்டினேன். டீக்கடை விஷயத்தில் அவள் அழுதுவிட்டாள். எண் கிடைத்தது. இன்னும் கூப்பிடவில்லை. கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன்.

நைட் டூட்டி நர்ஸ் | ஞாயிறு, இரவு 9.50

அண்ணா, நான் இன்னொரு மாவட்டத்தில் அரசு மருத்துவமனையில் மனநல வார்டில் வேலை செய்கிறேன். குரூப்பைப் பற்றிப் பெரியவர் நன்றாகச் சொல்லிவிட்டார். நான் மருத்துவம் சம்பந்தமாக இரண்டு விஷயம் மட்டும்.

கடவுள் புண்ணியத்தில் நடக்கக் கூடாது, ஒருவேளை தவறி மறுபடி சில நாள் தொடர்ந்து குடித்துவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே சட்டென்று நிறுத்தப் பார்க்காதீர்கள். உங்களுக்குக் காலை நடுக்கம் இருந்திருக்கிறது, அதாவது உடம்பு பழகியிருக்கிறது. கடைசி கிளாஸுக்குப் பிறகு 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரைக்கும் ஆள் தெரியாமல் பேசுவது, இல்லாததைப் பார்ப்பது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்பது எல்லாம் வரலாம். வீட்டில் இருப்பவர்கள் பேய் பிடித்துவிட்டது என்று கோயிலுக்கும் மந்திரிக்கவும் கூட்டிப் போய், கடைசியில் எங்களிடம் கொண்டு வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். அது உயிருக்கே ஆபத்தான நிலை. நேராக ஜி.எச். வந்துவிடுங்கள். யாரும் திட்ட மாட்டோம். முதலில் பி1 வைட்டமின் ஊசி போடுவோம், அப்புறம்தான் குளுக்கோஸ். வார்டில் உங்களுக்கும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

இன்னொன்று மாத்திரை. டிஸ்சார்ஜ் சீட்டில் டைசல்ஃபிராம் இருக்கிறதா பாருங்கள். அதைச் சாப்பிடும்போது ஆல்கஹால் உள்ளே போனால் உடம்பு ஏற்காது. இருந்தால் இருமல் டானிக், அரிஷ்டம் எதையும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. தசமூலாரிஷ்டத்திலும் புளித்து உண்டான ஆல்கஹால் இருக்கிறது, வீட்டில் பெரியவர்கள் உடம்பு தேறட்டும் என்று நல்ல மனதோடு கொடுப்பார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டாலும் இரண்டு வாரம் வரைக்கும் அதன் வேலை உடம்பில் இருக்கும், அதற்குள் குடித்தால் ஆபத்து. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா | திங்கள், காலை 11.15

தம்பி, இது உங்களுக்கு அல்ல, உங்கள் வீட்டுக்காரிக்கு. அவளிடம் போனைக் கொடுங்கள்.

அம்மாடி, மேலே நர்ஸ் அந்த மாத்திரையைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் "குடிப்பவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று ஒரு விளம்பரம் பார்த்து ஒரு பொடி வாங்கினேன். ரசத்தில் கலந்தேன். அன்று சாயங்காலம் அவர் வழக்கம்போலக் குடித்துவிட்டு வந்தார். முகம் முழுக்கச் சிவந்து, மூச்சு வாங்கி, வாந்தி எடுத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸில் போகும்போது டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டே போனேன். சொன்னேன். அவர் பிழைத்தார். ஆனால் அதற்கப்புறம் ஒரு வருடம் என் கையால் சோறு சாப்பிடவில்லை. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று இப்போதும் மனம் வாதாடும். ஆனால் அவருக்குத் தெரியாமல் அவர் உடம்பில் நான் விஷப்பரீட்சை செய்தேன், அதுதான் உண்மை. நீ அப்படி எதுவும் செய்துவிடாதே.

அதே காலத்தில் இன்னொரு தப்பும் செய்யப் பார்த்தேன். ஒரு தனியார் மறுவாழ்வு மையத்திலிருந்து ராத்திரியில் வேன் வரும், நான்கு பேர் தூக்கிப் போவார்கள், ஆறு மாதம் பார்க்க விட மாட்டார்கள் என்றார்கள். பணம் கட்டப் போன அன்று உள்ளேயிருந்து ஒரு பையன் கத்துகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். 2017 மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று பிறகு ஒரு வக்கீல் சொன்னார். சான்றிதழைக் காட்டச் சொல்லு, மனநல டாக்டர் யார் என்று கேள், எப்போது வந்து பார்க்கலாம் என்று கேள். மழுப்பினால் அங்கே விடாதே.

எனக்கு உதவியது அல்‑அனான். குடிப்பவர்களின் வீட்டாருக்கானது, ஏ.ஏ.வைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில்லின் மனைவி லோயிஸும் இன்னொரு பெண்ணும் சேர்ந்து 1951இல் தொடங்கியது. எங்கள் ஊரில் ஏழு பெண்கள்தான் வருவோம். பாட்டிலை நான் கொட்டினாலும் அவர் குடிப்பார், கொட்டாவிட்டாலும் குடிப்பார், இந்த நோயை உண்டாக்கியதும் நான் இல்லை என்பது எனக்குப் புரிவதற்கு அங்கே ஒரு வருடம் ஆனது. வேலை இடத்துக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வதை நிறுத்தினேன். அதற்குப் பிறகுதான் அவர் தானாகப் போய் வார்டில் சேர்ந்தார். எல்லா வீட்டிலும் இப்படி ஆகும் என்று சொல்ல மாட்டேன். எங்கள் குரூப்பில் மூன்று பேர் வீட்டில் இன்னும் குடிக்கிறார்கள். அவர்களும் வருகிறார்கள்.

உன் புருஷன் ஏ.டி.எம். கார்டை உன்னிடம் கொடுத்திருக்கிறான். பத்திரமாக வை. ஆனால் தினமும் பாக்கெட்டைத் தடவிப் பார்க்காதே.

கறுப்புச் சட்டை | திங்கள், இரவு 8.40

தோழர், ஒரு மாற்றுக் கருத்தையும் சொல்லிவிடுகிறேன், போன பிறகு ஏமாற்றம் வரக் கூடாது என்பதற்காக. நான் திருச்சி. பெரியார் இயக்கத்துக் குடும்பம். முதல் மீட்டிங்கில், குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் 12 படிகளை வாசித்தபோது கடவுள் என்ற சொல் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். அடுத்த ஐந்து மாதம் குடித்தேன், கொள்கையோடு குடித்தேன் என்றுதான் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அரசு மருத்துவமனையில் ஓ.பி.யில் ஆலோசனைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு அட்டவணை எழுதச் சொன்னார்கள்: எந்த நேரத்தில், யாரோடு, என்ன மனநிலையில் குடிக்கத் தோன்றுகிறது என்று. எனக்குச் சம்பள நாளை விட ஞாயிறு பகல் 3 மணிதான் மோசம் என்று அதில் தெரிந்தது. அங்கே ஆலோசனை சொன்ன அம்மாதான் கேட்டார்: "அந்தப் படிகளில் கடவுள் என்ற சொல்லோடு, 'நாம் புரிந்துகொண்டபடி' என்ற வார்த்தையும் இருக்கிறது, படித்தீர்களா?" மறுபடியும் போனேன். படிகளில் 'நம்மை விடப் பெரிய சக்தி' என்று வருகிற இடத்தில் அந்த அறையில் இருக்கும் 14 பேரை வைத்துக்கொண்டேன். 14 பேர் என்னை விடப் பெரிய சக்திதானே. பிரார்த்தனை சொல்லும்போது எழுந்து நிற்பேன், வாயைத் திறக்க மாட்டேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. நான்கு வருடம் ஆகிறது.

எனக்கு ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பத் தோன்றாது, அதனால் தேடினேன். 2020இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றியவற்றை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ.வோடு இணைக்கிற முறையான சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்தது இல்லை, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் அவற்றை விடக் கொஞ்சம் மேல் என்று வந்தது. உங்கள் ஓ.பி.யையும் விடாதீர்கள், மீட்டிங்கையும் விடாதீர்கள். ஒரு குரூப் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு குரூப்பைப் பாருங்கள். ஊருக்கு ஊர், குரூப்புக்குக் குரூப் குணம் மாறும்.

லேத்காரன் | ஞாயிறு, இரவு 10.30

எல்லோருக்கும் வணக்கம். 26வது நாள். போய்விட்டு வந்தேன்.

பவானி அண்ணா கொடுத்த கோவைக்காரரின் எண்ணுக்குப் புதன்கிழமைதான் கூப்பிட்டேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை ரிங் போவதற்குள் கட் செய்துவிட்டேன். மூன்றாவது முறை அவரே திரும்பக் கூப்பிட்டு, "புதுசுங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. மீதியை அவரே பேசினார். நான் போய் நின்ற ஹாலில் இருந்த குரூப் போன வருடமே ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறிவிட்டதாம். ஞாயிறு மாலை ஆறரை.

பஸ் ஸ்டாப்பில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பதாகச் சொன்னார், நின்றார். வழியெல்லாம் மழை வருமா வராதா என்றுதான் பேசினோம். மூன்றாம் வகுப்பு அறை. பெஞ்ச் சின்னது, முட்டி இடித்தது. கரும்பலகையில் கழித்தல் கணக்கு எழுதியிருந்தது, யாரும் அழிக்கவில்லை. என்னோடு சேர்த்து 17 பேர். ஒருவர் நல்ல வெள்ளை வேட்டி, ஒருவர் டெலிவரி பையோடு வந்திருந்தார், ஒரு பெண்ணும் இருந்தார். ஒருவருக்குக் குடியை விட்டு மூன்று வருடம், பிறந்தநாள் என்று கேக் வெட்டினார்கள். அவருடைய அப்பா வந்து பேசினார். எழுபது வயது இருக்கும். "என் பையன் மூணு வருஷமா ராத்திரி வீட்டுக்கு வந்தா கதவைத் தட்டுறான், உதைக்கிறதில்லை" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, உட்கார்ந்துவிட்டார்.

என்னைப் பேச விருப்பமா என்று கேட்டார்கள். எழுந்து பெயரைச் சொன்னேன். நான் ஒரு குடிநோயாளி என்று சொல்ல வந்து, தொண்டை அடைத்து, "26 நாள்" என்று மட்டும் சொன்னேன். கை தட்டினார்கள். பை என்னிடம் வந்தபோது பக்கத்தில் இருந்தவர் "நீங்க வேண்டாம், அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று அப்படியே தாண்டி விட்டார். அம்மாவிடம் போய், யாரும் எந்தச் சாமியையும் மாற்றச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். மனைவிக்கு இந்த ஊரில் அல்‑அனான் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதாக நீலச் சட்டை அண்ணா சொல்லியிருக்கிறார். அவள் அந்த அக்காவின் பதிலைத் தன் போனில் போட்டு வைத்திருக்கிறாள். இப்போது பாக்கெட்டைப் பார்ப்பதில்லை. நானே இரவு எடுத்து மேஜையில் வைத்துவிடுகிறேன்.

ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் ஆயுத பூஜை. எங்கள் ஒர்க்‌ஷாப்பில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, பூசணிக்காய் உடைத்து, போனஸ் கவர் கொடுத்த பிறகு மாடியில் பாட்டில் திறப்பார்கள். பத்து வருடமாக முதல் பாட்டிலைத் திறப்பது நான்தான். பூஜைக்கு வராமல் இருக்க முடியாது, என் மெஷினுக்கு நான்தான் பூ வைக்க வேண்டும். கவரும் அன்று கையில் இருக்கும், பணமாக. என்ன செய்வது?

பவானி கண்டக்டர் | ஞாயிறு, இரவு 10.50

தம்பி, மெஷினுக்குப் பூ வையுங்க, பூசணிக்காய் உடைக்கும் வரைக்கும் இருங்க. பிரசாதத்தை வாங்கிக்கிட்டு, பொரியை ஒரு கவரில் கட்டிக்கிட்டு, மாடிப்படி பக்கம் போகாமல் நேராக வாசலுக்கு வந்துடுங்க. முதலாளியிடம் நாளைக்கே சொல்லி வையுங்க, "மாத்திரை சாப்பிடுறேன், டாக்டர் குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்று. அது பொய் இல்லை. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்க, பசி வயிற்றோடு அந்த இடத்தில் நிற்காதீங்க. வாசலில் உங்கள் வீட்டுக்காரம்மாவையும் பாப்பாவையும் வரச் சொல்லுங்க, போனஸ் கவர் அங்கேயே கை மாறட்டும்.

பூஜை எத்தனை மணிக்கு முடியும்?

லேத்காரன் | ஞாயிறு, இரவு 10.58

நாலரை இருக்கும் அண்ணா.

பவானி கண்டக்டர் | ஞாயிறு, இரவு 11.02

நாலரைக்கே நான் போன் பண்றேன். எடுத்துக்கிட்டே வெளியே வாங்க. வண்டிகிட்ட வர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இருப்போம்.

லேத்காரன் | ஞாயிறு, இரவு 11.03

சரிங்கண்ணா. போனை முழுசா சார்ஜ் போட்டு வைக்கிறேன்.